பிடித்த மங்காவை நாமே அனிமே ஆக்கலாமா? கை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கு சௌரஸ்தா சந்தையின் மாடிக்குப் போயிருக்கிறீர்களா? பள்ளிப் பாடநூல்கள், மலாய் நாவல்கள், பழைய ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் தலைக்கு மேல் அடுக்கியிருக்கும் பழைய புத்தகக் கடைகள் அங்கே உண்டு. தேடினால் மலாய் மொழியில் வந்த மங்காவும் சிக்கும். டோராமோன் சிக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் 'முத்தியாரா நாகா' என்ற பெயரில் வந்த டிராகன் பால் கூட கிடைக்கலாம். நம்மில் பலருக்கு மங்கா அறிமுகமானது இப்படித்தான்: ஜப்பானியக் கதை, மலாய் வசனம், படிப்பது தமிழ் வீட்டுப் பிள்ளை.

அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். கையில் டேப்லட் இருக்கிறது, வரையும் செயலி இருக்கிறது, யூடியூப் சேனல் இருக்கிறது. அடுத்து வரும் கேள்வி இயல்பானது. "எனக்குப் பிடிச்ச மங்காவுக்கு யாரும் ஒழுங்கா அனிமே எடுக்கல. நாமளே எடுத்தா என்ன?"

எடுக்கலாம். பலர் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருட உழைப்பு ஒரே மின்னஞ்சலில் காணாமல் போவதும் உண்டு. எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

எதை ரசிகர் அனிமே என்கிறோம்?

ஏற்கெனவே வந்த அனிமேயின் காட்சிகளை வெட்டி, பாட்டுப் போட்டு ஒட்டினால் அது எடிட். அதே காட்சிக்குத் தமிழில் குரல் கொடுத்தால் ரசிகர் டப்பிங். காட்சிகளைச் சுருக்கி, வசனத்தை மாற்றிக் கிண்டல் செய்தால் அதற்கு 'அப்ரிஜ்ட்' என்று பெயர். 2006-ல் யூ-கி-ஓ தொடரை வைத்து யூடியூபில் தொடங்கிய ஒரு கிண்டல் தொடர்தான் இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது. இவை எல்லாம் வேறொருவர் எடுத்த படத்தின் மேல் செய்யும் வேலை.

இந்தக் கட்டுரை பேசுவது வேறு. மங்காவின் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் ரசிகர்களே புதிதாக வரைந்து, அசைத்து, குரல் கொடுத்து எடுக்கும் அனிமே. எல்லாமே நம் கையால் வரைந்தது என்பதால் "இது என் சொந்தப் படைப்பு" என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடும். முதல் சறுக்கல் அங்கேதான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் எடுக்கிறார்கள்?

பெரும்பாலும் ஏமாற்றத்தால். 'பெர்செர்க்' மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டாரோ மியூரா ஒவ்வொரு பக்கத்தையும் செதுக்கியதுபோல் வரைந்தவர். 2016-ல் வந்த அதன் அனிமே, கணினி உருவங்களின் விறைப்பான அசைவுக்காக ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 2021 மே மாதம் மியூரா 54 வயதில், கதையை முடிக்காமலே இறந்துபோனார். அவருடைய நண்பர் கோஜி மோரி, மியூராவின் உதவியாளர்களோடு சேர்ந்து 2022 முதல் கதையைத் தொடர்கிறார். பக்கத்தில் பார்த்த அழகைத் திரையில் பார்க்கவில்லையே என்ற ஆதங்கத்தில் இணையத்தில் ஒரு ரசிகர் குழு தானே அனிமே எடுக்கக் கிளம்பியது. பதிப்பகத்தின் அனுமதியோடு நடந்த வேலை இல்லை அது.

அந்த ஆதங்கம் புரியக்கூடியதுதான். ஆனால் ஆதங்கத்துக்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

ஜார்ஜ்டவுனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆர்மீனியன் தெருவில், உண்மையான சைக்கிளோடு சேர்த்து வரையப்பட்ட இரண்டு குழந்தைகளின் சுவரோவியம். லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012-ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்தது. சுவர் தெருவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கிறார்கள், டி-சட்டையிலும் காந்தத்திலும் அது வந்துவிட்டது. அதனால் அது ஊர்ச் சொத்து என்று பலரும் நினைக்கிறோம். 2024-ல் அந்த ஓவியம் ஒரு விமானத்தின் மேல் தோன்றியபோது, என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்று ஓவியர் எதிர்ப்புத் தெரிவித்தார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. எல்லாரும் நேசிக்கும் படம் என்பதும், எல்லாருக்கும் சொந்தமான படம் என்பதும் வேறு வேறு. மங்காவுக்கும் இதே கதைதான்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, ஒரு படைப்பை நகலெடுப்பதும் பொதுமக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உரிமையாளரின் தனி உரிமை என்கிறது. முழுப் படைப்பு மட்டுமல்ல, அதன் கணிசமான பகுதிக்கும் இது பொருந்தும். மூல வடிவத்தில் இருந்தாலும் சரி, அதிலிருந்து கிளைத்த வடிவத்தில் இருந்தாலும் சரி. கறுப்பு வெள்ளைப் பக்கத்தை நீங்கள் வண்ணத்தில் அசையவிட்டது கிளைத்த வடிவம்தான். 'அது ஜப்பான் புத்தகமாச்சே' என்றும் நழுவ முடியாது. மலேசியாவும் ஜப்பானும் பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், அந்த நாட்டுப் படைப்புக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. எழுதியவர் இறந்து 50 வருடம் வரை அது தொடரும்.

"நான் காசு வாங்கலையே?"

அடிக்கடி கேட்கும் வாதம் இது. கொஞ்சம் உதவும், முழுசாகக் காப்பாற்றாது.

மலேசியச் சட்டத்தில் 'நியாயமான பயன்பாடு' என்று ஒரு விலக்கு உண்டு. ஆய்வு, தனிப்பட்ட படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கானது. நியாயமா இல்லையா என்று பார்க்கும்போது நோக்கம் வணிகமா, எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தையை அது பாதிக்குமா என்பதையெல்லாம் எடைபோடுவார்கள். காசு வாங்காதது இந்தத் தராசில் ஒரு கல் மட்டுமே. ஒரு முழு அத்தியாயத்தைக் கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்திருந்தால் 'எவ்வளவு எடுத்தீர்கள்' என்ற தட்டு தாழ்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பகடி, பாணிப் போலி, கேலிச்சித்திரம் ஆகியவற்றுக்கு மலேசியச் சட்டம் தனியாக இடம் கொடுக்கிறது. நருட்டோவை ஒரு நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்க வைத்து, குழம்பு கலக்கச் சொல்லி அவன் திணறுவதைக் காட்டிக் கலாய்த்தால் உங்கள் பக்கம் பேச ஏதோ ஒரு பிடி இருக்கும். அதே நருட்டோவை பயபக்தியோடு, ஒரு கோடு மாறாமல் வரைந்தால் அந்தப் பிடியும் இல்லை. கும்பிடுகிறவனைவிடக் கிண்டல் செய்கிறவனுக்குத்தான் சட்டம் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் தருகிறது!

அப்போ ஜப்பானில் மட்டும் எப்படி?

டோக்கியோவில் 1975 டிசம்பரில் தொடங்கிய 'காமிக்கெட்' சந்தையில், பிரபல மங்காவின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்த புத்தகங்கள் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. இவற்றுக்கு 'தோஜின்ஷி' என்று பெயர். அங்கே சட்டம் தளர்வானது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதிரி மீறலுக்கு உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும். பெரும்பாலான உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். நாளைய மங்கா கலைஞர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் கண்டும் காணாமல் விடுவது அனுமதி ஆகாது. எந்த நாளிலும் அந்தக் கண் திறக்கலாம்.

டோராமோன் விஷயத்தில் திறந்தது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-ல் இறந்தபோது டோராமோனுக்கு இறுதி அத்தியாயம் என்று ஒன்று இல்லை. பேட்டரி தீர்ந்து டோராமோன் அசையாமல் போகிறது, நோபிதா படித்துப் பெரிய விஞ்ஞானி ஆகி அதைத் திரும்ப எழுப்புகிறான் என்று ஒரு கதை ரசிகர்களிடையே உலவிக்கொண்டிருந்தது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில்கூட நீங்கள் இதைப் பார்த்திருக்கலாம். ஜப்பானிய ரசிகர் ஒருவர் அந்தக் கதையை 2005-ல் ஒரு சிறு புத்தகமாக வரைந்தார். மூலக் கலைஞரின் கைதானோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அச்சு அசலான பாணி. சுமார் 13,000 பிரதிகள் விற்றன. படித்தவர்களில் பலர் இதுதான் உண்மையான முடிவு என்றே நம்பிவிட்டார்கள். பதிப்பகமும் ஃபுஜியோவின் நிறுவனமும் எச்சரித்தன. 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டு, வருமானத்தில் ஒரு பகுதியையும் கொடுத்தார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் மோசமாக வரைந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மூலத்தைப் போலவே இருந்ததும் நிறைய பேரிடம் போய்ச் சேர்ந்ததும்தான் சிக்கலாகின. ரசிகர் அனிமே எடுப்பவர்களின் கனவும் அதேதானே? அசல் மாதிரியே இருக்கணும், எல்லாரும் பார்க்கணும். அந்தக் கனவு எவ்வளவு நிறைவேறுகிறதோ அவ்வளவு ஆபத்து.

பணம் திரட்டினால்?

அங்கே கண் சீக்கிரம் திறக்கும். அனிமே உலகத்துக்கு வெளியே இருந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' ரசிகர்கள் 'ஆக்ஸனார்' என்ற படத்துக்காக இணையத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2015 டிசம்பரில் பாராமவுண்ட், சிபிஎஸ் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இது நியாயமான பயன்பாடு என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. முழு நீளப் படம் போய், 15 நிமிடத் துண்டுகள் இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. பல வருடங்களாகச் சின்னச் சின்ன ரசிகர் படங்களைக் கண்டுகொள்ளாமல் விட்ட நிறுவனங்கள்தான் இவை.

நம் ஊரில் பத்து லட்சம் டாலர் யாரும் தரப் போவதில்லை. ஆனால் மாதச் சந்தா, 'தே தாரேக் வாங்கித் தாங்க' இணைப்பு, கண்காட்சி மேசையில் விற்கும் கீச்செயின், வீடியோவில் விளம்பரம், எல்லாமே இதே பாதையின் சின்னப் படிகள்தான்.

யூடியூபில் உண்மையில் நடப்பது என்ன?

வழக்கு வரை போவது அபூர்வம். வருவது ஒரு நீக்கல் அறிவிப்பு. பதிப்புரிமைக் காரணமாக ஒரு வீடியோ நீக்கப்பட்டால் சேனலுக்கு ஒரு 'ஸ்ட்ரைக்'. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடலாம், அதில் இருக்கும் உங்கள் மற்ற சொந்த வீடியோக்களோடு சேர்த்து. எதிர் மனு போடலாம். ஆனால் அதில் உங்கள் உண்மையான பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். அது புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். மலேசியச் சட்டத்திலும், முறையான அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணையச் சேவை நிறுவனம் அந்த உள்ளடக்கத்தை எடுக்கவோ முடக்கவோ வேண்டும்.

2021 டிசம்பரில் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு அனிமே விமர்சகரின் சுமார் 150 வீடியோக்களை டோயி அனிமேஷன் நிறுவனம் ஒரே அடியாக முடக்கியது. அவர் செய்தது விமர்சனம். ரசிகர் அனிமேகூட இல்லை. அடுத்த மாதம் யூடியூப் ஒரு வழி கண்டுபிடித்தது: அமெரிக்காவில் இருப்பது போன்ற விரிந்த நியாயப் பயன்பாடு ஜப்பானில் இல்லாததால், ஜப்பானில் மட்டும் மறைத்துவிட்டு மற்ற நாடுகளில் திரும்பக் காட்டலாம் என்றது. விமர்சனத்துக்கே இவ்வளவு போராட்டம் என்றால், கதையையே எடுத்துப் படமாக்கியவருக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

அதனால் ஒரு சின்ன யோசனை. ரசிகர் வேலைக்குத் தனிச் சேனல் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளைக் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள். யூடியூப் உங்கள் அலமாரி இல்லை.

வக்கீலுக்கு முன்னால் கணக்கு

உண்மையைச் சொன்னால், ரசிகர் அனிமேக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துவது வக்கீல் நோட்டீஸ் இல்லை. பெருக்கல் வாய்ப்பாடுதான்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். அனிமேயில் சிக்கனமாக ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைப்பது வழக்கம். அப்படிப் பார்த்தாலும் அசைவுள்ள காட்சியில் விநாடிக்கு 8 படம். ஒரு நிமிடத்துக்கு 480. வேலை முடிந்து வந்து ஓர் இரவில் 6 படம் சுத்தமாக வரைவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 80 இரவு. வண்ணம், பின்னணி, வாயசைவு, ஒலி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஆள் சேர்த்தால் குறையும்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தருக்கு செமஸ்டர் பரீட்சை வரும், இன்னொருத்தருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் மாறும், மூன்றாவது ஆள் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போய்விடுவார். போகும்போது அவர் வரைந்த 200 படம் யாருடையது என்ற சண்டை மிச்சம். அந்த ஒரு விஷயத்தையாவது முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முழுநேர ஸ்டுடியோக்களே இதில் தடுக்கி விழுகின்றன. ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி' அனிமே 2019-ல் அறிவிக்கப்பட்டு 2024 செப்டம்பரில்தான் ஒளிபரப்பானது. மொத்தமே நாலு எபிசோட். கறுப்பு வெள்ளையில், மங்கா பக்கமே அசைவது போலிருந்த முதல் எபிசோடை எல்லாரும் கொண்டாடினார்கள். இரண்டாவது வந்ததும் தரம் சரிந்துவிட்டது என்று அதே ரசிகர்கள் திட்டினார்கள்.

பக்கம் வேறு, திரை வேறு

இன்னொரு பொறி வேலையின் உள்ளேயே இருக்கிறது. மங்காவில் நேரம் வாசகர் கையில். வசனமே இல்லாத மூன்று கட்டம்: ஒரு கண், ஒரு ஜன்னல், மழை. நீங்கள் அதை இரண்டு விநாடியில் தாண்டலாம், இருபது விநாடி பார்த்துக்கொண்டும் இருக்கலாம். திரையில் அந்த முடிவை எடுப்பவர் ஒருவர் மட்டுமே. ரசிகர் படங்களில் அதிகம் பார்க்கும் தப்பு, ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாகத் திரைக்கு மாற்றுவது. ஒன்றையும் விட மனசு வராது, அது புனித நூல் ஆச்சே! விளைவு, ஸ்லைடு ஷோ மாதிரி ஒரு படம். இருக்கிற உழைப்பையெல்லாம் சண்டைக் காட்சியில் கொட்டிவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் வாய் மட்டும் அசையும். கதையைத் தூக்கி நிறுத்துவது அந்தப் பேச்சாகத்தான் இருக்கும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள முழு அத்தியாயம் தேவையில்லை. 20 விநாடிக் காட்சி ஒன்றே போதும்.

பாட்டு, குரல், ஏஐ

1981-லும் 1983-லும் ஒசாகா மாணவர்கள் சிலர் ஓர் அறிவியல் புனைகதை மாநாட்டுக்காக 'டைகான்' என்ற பெயரில் இரண்டு குறும்படங்கள் எடுத்தார்கள். தெரிந்த பாத்திரங்கள் எல்லாம் யாரையும் கேட்காமல் அதில் வந்து போகும். இரண்டாவதில் ஓடுவது எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா இசைக்குழுவின் பாட்டு, அதற்கும் அனுமதி இல்லை. அந்த மாணவர்கள்தான் பிறகு கைனாக்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கி, 1995-ல் 'எவாஞ்சலியன்' எடுத்தவர்கள். அவ்வளவு பேர் வாங்கிய பிறகும் அந்தக் குறும்படங்களை மற்றப் படங்களைப்போல் தாராளமாகக் கடைக்குக் கொண்டுவர முடியவில்லை. திறமை அவர்களை மேலே கொண்டுபோனது, அந்தப் படம் பின்னாலேயே நின்றுவிட்டது. பாட்டுக்கு நண்பர் யாராவது கீபோர்டில் வாசித்துத் தந்தால் பாதித் தலைவலி குறையும்.

480 படத்தையும் ஏஐ வரைந்து தராதா என்று கேட்கலாம். 2025 மார்ச்சில் 'ஜிப்லி பாணி' படங்கள் சமூக வலைதளங்களை நிரப்பியது நினைவிருக்கும். கருவி மாறினாலும் கதையும் பாத்திரமும் இன்னொருவருடையதுதான். ஒரு குரல் கலைஞரின் குரலை நகலெடுத்தால் பிரச்சினை இரட்டிப்பு. அதோடு ரசிகர் அனிமேக்கு இருக்கும் ஒரே செல்வம் மற்ற ரசிகர்களின் நல்லெண்ணம். ஏஐ என்றதும் முதலில் எழுந்து போகிறவர்கள் அவர்கள்தான்.

வழியே இல்லையா?

இருக்கிறது. கேட்டுப் பார்ப்பது ஒன்று. 'ஒன் பஞ்ச் மேன்' முதலில் ஒன் என்ற புனைபெயர் கொண்டவர் 2009-ல் இணையத்தில் இலவசமாகப் போட்ட, வரைகலை சுமாரான காமிக்ஸ். யூசுகே முராட்டா ஏற்கெனவே பெயர் பெற்ற மங்கா ஓவியர். அந்தக் கதையின் ரசிகராகி, நான் மறுபடி வரையட்டுமா என்று ஒன்னிடமே கேட்டார். 2012-ல் முராட்டாவின் கையில் அது புதிதாக வெளிவந்தது. நாம் பார்த்த அனிமே அதிலிருந்து வந்தது. பெரிய பதிப்பகத்துக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது கஷ்டம். ஆனால் இணையத்தில் சொந்தமாக காமிக்ஸ் போடும் மலேசியக் கலைஞர் ஒருவர் பதில் போடுவார்.

இரண்டாவது, திறந்தே கிடக்கும் கதவு. ஷூஹோ சாத்தோவின் மருத்துவ மங்கா 'பிளாக் ஜாக்குக்கு என் வணக்கம்' இருக்கிறதே, அதை 2012 செப்டம்பர் 15 முதல் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று அவரே அறிவித்தார். வணிகத்துக்குக்கூட, அனுமதி கேட்காமல். ஓர் இளம் பயிற்சி மருத்துவர் மருத்துவமனை முறைகளோடு மோதும் கதை. மங்காவை அனிமே ஆக்கிப் பழக இதைவிட நிம்மதியான இடம் கிடைப்பது அரிது.

மூன்றாவது நம் அலமாரியிலேயே இருக்கிறது. கல்கி 1954-ல் இறந்தார். மலேசியாவின் 50 வருடக் கணக்கில் 'பொன்னியின் செல்வன்' எப்போதோ பொதுச்சொத்து. தமிழ்நாடு அரசும் அவர் எழுத்துகளை 1999-ல் நாட்டுடைமை ஆக்கிவிட்டது. வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சியை உங்கள் பாணியில் அசைத்துப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எழுத்துதான் கல்கியுடையது. தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம், அந்த ஓவியங்களின் உரிமைக் கணக்கு வேறு; மணிரத்னம் படத்தில் வந்த உடை, முகம், இசையின் கணக்கும் வேறு. வந்தியத்தேவனின் முகத்தை நீங்களே கண்டுபிடித்து வரைய வேண்டும்.